ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் பிளாஷ் பொருத்தமும்



சென்ற மாதம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நிறைவுற்ற பின்னர், தொடக்கநிலை ஐந்தில் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தையார் வகுப்பறை வாசலில் எனக்காகக் காத்திருந்தார். மகளின் கட்டுரைப் பயிற்சியைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்றெண்ணினேன். அவரோ தோள்பையைத் திறந்து ஒரு கேமராவை எடுத்து மேசைமீது வைத்தார். எப்சன் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்-டி1. மின்னிலக்க ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் உலகிலேயே முதலாவது அதுதான். கைமாறிய பொருளாக அண்மையில் வாங்கினாராம். அதன் அருகில், செங்கல் அளவுக்குப் பெரியதாக ஒரு பழைய பிளாஷையும் வைத்தார். அது அவருடைய தந்தையாரின் உடைமை.

"தீபாவளிக் கொண்டாட்டத்தில் பிள்ளைகளை நானே படம் எடுத்துத் தருகிறேன் ஐயா. பிளாஷ் மேலே சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பொருந்தும் அல்லவா?" என்று கேட்டார்.

"இதுவரை பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா?" என்றேன். இல்லை என்றார். "நல்லது, அழுத்தவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, காரணத்தை எழுதித் தருவதாக வாக்களித்தேன். அந்த வாக்கை நிறைவேற்றும் கட்டுரையே இது. அவருக்கு மட்டுமன்றி, பள்ளி நிகழ்ச்சிகளில் கேமராவும் கையுமாக நிற்கும் எல்லாப் பெற்றோருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே வைக்கிறேன்.

திருமணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், பிளாஷ் என்றால் ஒரே பொருத்தத்தோடு நின்றுவிடுகிறோம். கால் நுழைகிறதா, நுழைகிறது, முடிந்தது. ஆனால் கேமராவின் தலைமீதுள்ள அந்தச் சிறிய இருக்கையின் வரலாற்றை அறிந்தால், அதில் உட்காரும் எல்லாரும் அங்கே உட்காரத் தக்கவர் அல்லர் என்பது விளங்கும்.

முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் என்பது யாதென அறியாதவர்களுக்கு ஒரு சொல். தொலைவு காணும் கருவி என்று தமிழில் சொல்லலாம். கேமராவின் முகப்பில் சற்று இடைவெளியில் இரண்டு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியாகவும் தெரியும் உருவங்கள் கண்ணருகே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லென்ஸைத் திருகத் திருக அவை நெருங்கி, ஒன்றாகக் கலக்கும் நொடியில் குவியம் சரியாகிவிட்டது என்று பொருள். உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் வேலை இல்லை. ஆதலால் ஓசை குறைவு, உருவமும் சிறிது.

1925-இல் லைக்கா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கேமராவில் இந்தத் தொலைவு காணி உள்ளே கட்டப்பட்டிருக்கவில்லை. தனியே ஒரு சிறு கருவியாக வாங்கி, கேமராவின் தலையில் இருந்த உலோகத் தண்டவாளத்தில் செருகி, அதில் தொலைவைப் படித்து, பின்னர் லென்ஸைத் திருப்ப வேண்டும். இன்று நாம் 'ஷூ' என்று அழைக்கும் இருக்கை அதற்காகவே செய்யப்பட்டது. 1932-இல் தொலைவு காணி கேமராவின் உடலுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. காலியான இருக்கையில் பின்னாளில் பிளாஷ் வந்து அமர்ந்தது. நெடுங்காலம் அவ்விருக்கையில் மின்தொடர்பு ஏதும் கிடையாது. பிளாஷைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. ஒளிரச் சொல்லும் ஆணை தனிக் கம்பி வழியே செல்லும். லைக்காவின் எம் வரிசையில் 1977-இல் வந்த எம்4-2 கேமராவில்தான் இருக்கையின் நடுவே மின்முனை வைத்தார்கள். அத்தகைய இருக்கையையே 'ஹாட் ஷூ' என்கிறோம்.

நம் ஊருக்கும் இந்த இருக்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜெர்மனியின் ரோலை நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் தன் உற்பத்தியின் பெரும்பகுதியைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்து 1966-இல் அறிமுகமான ரோலை 35 என்னும் கையடக்கக் கேமரா, 'மேட் இன் சிங்கப்பூர்' என்ற பொறிப்போடு உலகெங்கும் சென்றது. எக்ஸ்எஃப் 35 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் இங்கேயே உருவானது. என் அத்தை அந்தத் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். ரோலை 35 மிகவும் சிறியதாகையால் தலையில் இடமில்லை. பிளாஷ் இருக்கையை அடியில் வைத்துவிட்டார்கள். வெளிச்சம் கீழிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றியில் ஏறும். ஆகவே விவரம் அறிந்தவர்கள் கேமராவையே தலைகீழாகப் பிடித்துப் படமெடுப்பார்கள். "நாங்கள் நேராகத்தான் செய்து அனுப்பினோம், வாங்கியவர்கள்தாம் கவிழ்த்துப் பிடித்தார்கள்" என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். 1981-இல் தாய் நிறுவனம் நொடித்துப்போக, இங்குள்ள தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அத்தையும் அவர்களுள் ஒருவர்.

அத்தையின் கணவர், அதாவது என் மாமா, வார நாள்களில் எழுத்தராகவும் வார இறுதிகளில் திருமணப் புகைப்படக்காரராகவும் இருந்தவர். சிராங்கூன் சாலைக் கோயில்களில் 1960-களிலும் 70-களிலும் நடந்த திருமணங்கள் பலவற்றை அவர் படமெடுத்திருக்கிறார். பழைய பொருள் ஏதேனும் வேண்டுமென்றால் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தைக்குப் போவார். 2017-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாளோடு அச்சந்தை மூடப்பட்டபோது, மாமா உயிரோடிருந்தால் வருந்தியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

மாமா தொடங்கிய காலத்தில் பிளாஷ் என்பது ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே மெல்லிய உலோக இழைகள்; மின்சாரம் பாய்ந்ததும் பளீரென எரிந்து, குமிழ் கருகிவிடும். ஒரு படத்துக்கு ஒரு குமிழ். 1929-இல் ஜெர்மனியில் அது விற்பனைக்கு வரும்வரை, 1887 முதல், மக்னீசியப் பொடியைத்தான் திறந்த வெளியில் கொளுத்திவந்தார்கள். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை அப்பொடியின் ஒளியில் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், இருமுறை வீட்டுக்கும் ஒருமுறை தமக்கும் தீ வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அதனோடு ஒப்பிட்டால் குமிழ் சாதுவானது.

பொடியானாலும் குமிழானாலும் ஒன்று பொது. எரியத் தொடங்கினால் முழுவதும் எரிந்தே தீரும். பாதியில் நிறுத்த இயலாது. ஆகவே எவ்வளவு ஒளி லென்ஸுக்குள் போகவேண்டும் என்பதைப் படமெடுப்பவரே கணக்கிட்டு, துளையைச் சுருக்கியோ விரித்தோ வைக்கவேண்டும். அதற்கென வழிகாட்டி எண் என்று ஒன்று உண்டு. அந்த எண்ணைத் தொலைவால் வகுத்தால் துளையின் அளவு கிடைக்கும். வழிகாட்டி எண் 24, மணமக்கள் நிற்பது 3 மீட்டரில் என்றால் எஃப்/8. அவர்கள் 6 மீட்டருக்கு நகர்ந்தால் எஃப்/4. மாமா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மணவறையைச் சுற்றிவருவதைக் கண்ட ஒரு பாட்டியார், "பிள்ளை மந்திரம் சொல்லுகிறது" என்றாராம். அவர் சொல்லிக்கொண்டிருந்தது வகுத்தல் வாய்பாடு.

இனி, ஒளிரும் நேரத்தைப் பற்றி. மாமாவின் ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டரில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்தது. பூ மலர்வதைப் போல நடுவிலிருந்து விரியும். எந்த வேகத்திலும் ஒருகணம் முழுதாகத் திறந்திருக்கும். ஆகவே எந்த வேகத்திலும் பிளாஷ் அடிக்கலாம். லைக்காவும் எப்சனும் அப்படியல்ல. அவற்றில் இரண்டு திரைகள். முதல் திரை விலக, இரண்டாவது திரை பின்தொடர்ந்து மூடும். வேகம் கூடினால் முதல் திரை முழுதும் விலகும் முன்னரே இரண்டாவது புறப்பட்டுவிடும். இடையே ஒரு கீற்று மட்டும் நகர்ந்து செல்லும். அப்போது பிளாஷ் மின்னினால் கீற்றில் தெரிந்த பகுதி மட்டும் படமாகும், மிச்சம் இருட்டு. 1954-இல் வந்த லைக்கா எம்3-இல் மின்னணு பிளாஷுக்கு ஏற்ற உச்ச வேகம் வினாடியில் 50-இல் ஒரு பங்கு. எப்சன் ஆர்-டி1-இல் 125-இல் ஒரு பங்கு. 2006-இல் வந்த லைக்கா எம்8-இல் 250-இல் ஒரு பங்கு. 2009-இல் வந்த எம்9-இல் 180-இல் ஒரு பங்கு. தைப்பூச இரவில் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகளைப் படமெடுத்துவிட்டு, பாதி முகம் கறுப்பாக இருக்கிறதே, பிளாஷ் பழுதா என்று கேட்டவர்களை நான் அறிவேன். பிளாஷில் பழுதில்லை, வேகச் சக்கரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவே.

எல்லாவற்றினும் முக்கியமான பொருத்தம் இனித்தான் வருகிறது. எந்த பிளாஷையும் ஒளிரச் செய்வது எளிது. நடுமுனையும் இருக்கையின் விளிம்பும் ஒரு கணம் மின்சாரத்தால் இணைந்தால் போதும். ஒளியை எப்போது நிறுத்துவது, அதை முடிவு செய்வது யார் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் எம்ஐடி கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்டன் 1930-களில் வளர்த்தெடுத்த மின்னணு பிளாஷில், கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த வாயுவின் வழியாகச் சேமித்த மின்சாரம் பாய்ந்து ஒளி தரும். மின்சாரத்தைத் துண்டித்தால் ஒளி நின்றுவிடும். அந்த வசதியைப் பயன்படுத்தி 1960-களிலும் 70-களிலும் தானியங்கி பிளாஷ்கள் வந்தன. அவற்றின் நெற்றியில் ஒரு சிறு கண் இருக்கும். எதிரே உள்ளவர்மீது பட்டுத் திரும்பும் ஒளியை அக்கண் அளந்து, போதும் என்றதும் பிளாஷ் தானே நின்றுகொள்ளும். இங்கே முடிவெடுப்பது பிளாஷ். கேமராவுக்கு அதில் பங்கில்லை; எந்தக் கேமராவோடும் அது ஒத்துப்போகும்.

பின்னர் அதிகாரம் கேமராவின் கைக்கு மாறியது. 1975-இல் ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, லென்ஸ் வழியே வந்து படச்சுருளில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அளந்து, பிளாஷுக்கு "நிறுத்து" என்று ஆணையிட்டது. ஆணை செல்ல இருக்கையில் கூடுதல் முனைகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு நிறுவனமும் தத்தம் விருப்பப்படி முனைகளை வைத்து, தத்தம் மொழியைப் பேசத் தொடங்கியது. லைக்காவின் எம் வரிசைக்கு இம்முறை 1998-இல்தான் வந்தது. அடுத்து மின்னிலக்கக் காலம். ஒளியுணரியின் மேற்பரப்பு கண்ணாடி பூண்டது. படச்சுருளைப் போல் ஒளியைத் தெறிக்காது. பழைய கணக்குச் செல்லுபடியாகவில்லை. எனவே முதலில் மெல்லியதாக ஒரு முன்மின்னல் அடித்து அளந்து, பிறகு முழு ஒளி அடிக்கும் முறை பரவியது. நிக்கான் டி1 கேமராவில் 1999-இல் அம்முறை இருந்தது. லைக்கா எம்8-உம் அவ்வழியே சென்றது. அதனோடு பேசத் தெரிந்த சிறு பிளாஷ் அந்நிறுவனத்தின் எஸ்எஃப் 24டி. எப்சன் ஆர்-டி1-ஓ இந்த உரையாடல் எதிலும் கலந்துகொள்ளவில்லை. நடுவில் ஒரே ஒரு முனை. ஒளிர் என்று சொல்லும்; நில் என்று சொல்லத் தெரியாது.

இதை நான் நூலில் படித்து அறிந்துகொள்ளவில்லை.

சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழிலேயே கணக்கும் அறிவியலும் புவியியலும் கற்பித்த ஆசிரியர்கள் அதன்பின் வேறு பள்ளிகளுக்குச் சென்றனர், ஓய்வும் பெற்றனர். 2007-ஆம் ஆண்டில் அத்தகைய மூத்த ஆசிரியர்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்து, உருவப்படமும் எடுத்துவரலாம் என்று சில நண்பர்கள் திட்டமிட்டோம். படமெடுக்கும் பணி எனக்கு. நண்பர் ஒருவர் தம் ஆர்-டி1 கேமராவை இரவல் தந்தார்.

மாமாவின் பிளாஷ் என்னிடம் இருந்தது. அதைப் பொருத்துமுன், நல்ல வேளையாக, பெனின்சுலா வட்டாரத்தில் கேமரா பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பேட்டரியைப் போட்டு, பிளாஷ் ஆயத்தமானதும், அளவியின் ஒரு முள்ளை அடிநடுவில் உள்ள முனையிலும் மற்றொன்றைப் பக்கவாட்டு உலோகத்திலும் வைத்தார். 230 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மாமாவின் கேமராவில் ஷட்டரின் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும். அதற்கு இது ஒரு பொருட்டன்று. மின்னிலக்கக் கேமராவிலோ அவ்வேலையை நுண்மின்சுற்று செய்கிறது. சில கேமராக்களுக்கு 6 வோல்ட்டே எல்லை என்று தயாரிப்பாளர்களே எச்சரித்ததுண்டு. விவிட்டார் 283 என்ற புகழ்பெற்ற பிளாஷில்கூட, தொடக்ககாலத்தில் ஜப்பானில் செய்தவை 200 வோல்ட்டைத் தாண்டும். பின்னாளில் செய்தவை பத்து வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வெளித்தோற்றம் ஒன்றே. அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதியவர் பிளாஷை என் கையில் திருப்பித் தந்து, "வீட்டு அலமாரியில் வை" என்றார்.

பழையதுதானே ஆபத்து, புதியது வாங்கினால் தீர்ந்தது என்று நான் முடிவு செய்தேன். வேறொரு நிறுவனத்தின் கேமராவுக்கென வடிவமைத்த புதிய பிளாஷ் ஒன்றை வாங்கினேன். வோல்ட் அளவு குறைவு. ஷூவில் அழகாக உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் மின்னியது. வேறென்ன வேண்டும்?

நாங்கள் சென்ற மூன்றாவது வீடு அங் மோ கியோவில் இருந்தது. எண்பதைக் கடந்த அந்த ஆசிரியர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, புத்தக அலமாரியின் முன் அமர்ந்தார். தாம் பயன்படுத்திய புவியியல் பாடக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டார். முதல் இரண்டு வீடுகளிலும் சாளரத்து ஒளியே போதுமானதாக இருந்தது. இங்கே மாலை மங்கிவிட்டதால் பிளாஷைப் போட்டேன். ஆர்-டி1-இன் திரையை உட்புறமாக மடித்து வைத்துக்கொள்ளலாம். அப்படி மடித்தால் அது படச்சுருள் கேமராவைப் போலவே இருக்கும். எனக்கும் அப்படி எடுப்பதில் ஒரு பெருமை. மாமாவின் மருமகன் அல்லவா! மடித்தே வைத்து 14 படங்கள் எடுத்தேன். தேநீர் அருந்திவிட்டு விடைபெற்றோம்.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், 14 படங்களிலும் வெள்ளை. குறிப்பேடு இல்லை, சட்டை இல்லை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் மூக்குக்கண்ணாடியின் சட்டமும் தலையின் கோட்டுருவும் மட்டும்.

நடந்தது இதுதான். அந்த பிளாஷுக்கு நெற்றிக்கண் கிடையாது. கேமரா நிறுத்தச் சொல்லும் என்று அது காத்திருந்தது. கேமராவுக்கோ நிறுத்தச் சொல்லத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் முழு ஆற்றலையும் கொட்டியது. அதன் வழிகாட்டி எண் 36. ஆர்-டி1-இன் குறைந்தபட்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 200 என்பதால் அது ஏறக்குறைய 51 ஆகிவிடும். 2 மீட்டர் தொலைவுக்கு எஃப்/25 வேண்டும். நான் வைத்திருந்தது எஃப்/4. தேவையைவிட 40 மடங்கு ஒளி. படச்சுருளில் என்றால் அடர்ந்த நெகட்டிவிலிருந்து எதையேனும் மீட்டிருக்கலாம். மின்னிலக்கப் படத்தில் வெள்ளையாகிவிட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவுமில்லை. மாமாவின் வகுத்தல் வாய்பாட்டை ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் போதும்.

மீண்டும் வருகிறேன் என்று தொலைபேசியில் கேட்டேன். பள்ளி விடுமுறையில் வாருங்கள் என்றார். அந்த விடுமுறைக்கு முன்பே காலமாகிவிட்டார். எங்கள் தொகுப்பில் அவருடைய குரல் இருக்கிறது. படத்துக்குரிய இடத்தில் அவருடைய கையெழுத்துப் பிரதியின் ஒரு பக்கத்தை வைத்தோம்.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்லவேண்டும். கையேடுகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பிளாஷின் கண்ணானாலும் கேமராவின் கண்ணானாலும், எதிரே உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டே ஒளியை அளக்கிறது. கருத்த முகமும் வெள்ளை வேட்டியும் சேர்ந்த நம் பெரியவர்கள்முன் அது திகைத்துப்போகும். வேட்டியைப் பார்த்து ஒளியைக் குறைத்தால் முகம் இருளும். வண்ணப் படச்சுருள் காலத்தில் ஆய்வகங்களுக்குக் கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்ணே இருந்தார். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். தென்னாப்பிரிக்காவில் கறுப்பினத்தவரின் அடையாளப் பத்திரத்துக்குப் படமெடுக்கப் பயன்பட்ட போலராய்டு ஐடி-2 கேமராவிலோ பிளாஷின் ஒளியைக் கூட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. தம் நிறுவனம் நிறவெறி அரசுக்குத் துணைபோகிறது என்று 1970-இல் அதன் ஊழியர்களான கரோலைன் ஹன்டரும் கென் வில்லியம்ஸும் போராட்டம் தொடங்கினர். 1977-இல் போலராய்டு அந்நாட்டு விற்பனையை நிறுத்தியது. கருத்த தோலுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை அறியாமல் எவரும் இருந்ததில்லை. அந்த அறிவை எங்கே பயன்படுத்தினார்கள் என்பதைப் பாருங்கள்.

லைக்கா எம்8 வேறொரு வகையில் தடுமாறியது. லென்ஸ் ஒளியுணரிக்கு மிக அருகில் இருப்பதால், உணரியின்மேல் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை மெல்லியதாக வைத்தார்கள். பிளாஷின் ஒளியிலும் அகச்சிவப்பு மிகுதி. விளைவு, கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதாவாகத் தெரிந்தன. நிறுவனம் வாங்கியவர்களுக்கு இரண்டு வடிகட்டிகளை இலவசமாகத் தந்தது. இன்று அக்கேமராவைக் கைமாற்றாக வாங்குவோர் வடிகட்டியையும் கேட்டு வாங்கவேண்டும்.

கேள்வி கேட்ட தந்தையாரிடம் திரும்புவோம். சென்ற சனிக்கிழமை அவர் மகளோடு வந்தார். அளவியை வைத்து அவருடைய தந்தையாரின் பிளாஷை அளந்தோம். (வீட்டில் செய்வோர் முனைகளைக் கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.) 190 வோல்ட்டை நெருங்கியது. அவர் முகம் வாடிவிட்டது.

ஆர்-டி1-க்கு நெற்றிக்கண் உடைய, வோல்ட் குறைந்த, சிறிய தானியங்கி பிளாஷ் ஒன்றே போதும் என்றேன். பெனின்சுலா கடைகளில் கைமாற்றாகக் கிடைக்கும். கேமராவிலும் பிளாஷிலும் ஒரே ஐஎஸ்ஓ, ஒரே துளை அளவு. வேகம் 125-இல் ஒன்று அல்லது அதற்குக் கீழ். தலை மேல்நோக்கித் திரும்பும் வகையாக இருந்தால் மேலும் நன்று. நம் வீவக வீடுகளின் உட்கூரை வெள்ளை, தாழ்வும்கூட. ஒளியை அதில் பட்டுத் திரும்பவிட்டால் முகங்கள் மென்மையாக வரும், மூக்குக்கண்ணாடியில் பளிச்சிடாது. சிராங்கூன் சாலைத் தீபாவளி விளக்குகளின்முன் மகளை நிறுத்தி எடுப்பதானால் வேகத்தை 15-இல் ஒன்றுக்கு இறக்கிக்கொள்ளவேண்டும். 125-இல் எடுத்தால் மகள் தெரிவாள், விளக்குகள் மங்கிப்போகும். முக்கியமாக, திரையை மடித்து வைக்காதீர்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்பாவின் பிளாஷை அலமாரியில்தான் வைக்கவேண்டுமா?" என்றார். கேமராவோடு மின்தொடர்பு இல்லாமல், வேறொரு பிளாஷின் ஒளியைக் கண்டதும் ஒளிரச் செய்யும் சிறு ஒளியுணர் இணைப்பு ஒன்று உண்டு. அதைப் பழைய பிளாஷில் மாட்டி மண்டபத்தின் ஓரத்தில் நிறுத்தினால், இரண்டாவது விளக்காக வேலை செய்யும். கேமராவுக்கு ஒரு தீங்குமில்லை. என்னிடம் மாமாவுக்காக வாங்கி வைத்தது ஒன்று இருந்தது. கொடுத்தேன். வரும் வியாழக்கிழமை பள்ளி மண்டபத்தில் சோதித்துப் பார்க்கவிருக்கிறோம். தாத்தாவின் பிளாஷைப் பிடித்துக்கொண்டு நிற்பது தன் வேலை என்று அந்த மாணவி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.